ஓர் இங்கிலாந்து ஆற்றின் எட்டுக் குறுக்குவெட்டுகள்

இங்கிலாந்தில் ஒரு சிறிய ஆறு இருக்கிறது. சுண்ணாம்புக் குன்று ஒன்றின் அடியில் ஊற்றாகக் கிளம்பி, ஒரு கிராமத்தின் தேவாலயச் சுவரை ஒட்டி வளைந்து, பழைய மாவு ஆலை ஒன்றைச் சுற்றிக்கொண்டு, மேய்ச்சல் நிலங்களுக்குள் புகுந்து, கடைசியில் ஒரு ரயில் பாலத்துக்கு அப்பால் பெரிய ஆற்றில் சேர்கிறது. நூற்றுப் பதினெட்டு இடங்களில் அதன் அடிமட்டம் என்ன என்று எனக்குத் தெரியும். எந்தக் கரை செங்குத்து, எந்தக் கரையில் மாடு இறங்கும், எந்தப் பாலத்தின் கண் பாதி தூர்ந்திருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் அந்த ஆற்றங்கரைக்கு நான் ஒரு நாளும் போனதில்லை. என் வேலைமேசை சார்ஜாவில் இருந்தது.

ஆற்றின் பெயரை இங்கே எழுதவில்லை. வேலையில் சேரும்போது போட்ட கையெழுத்து ஓய்வுக்குப் பிறகும் செல்லும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அலுவலகத்தில் நாங்களும் பெயர் சொல்லமாட்டோம். வேலை எண்ணைச் சொல்லி, ‘நாற்பத்தேழு’ என்போம்.

இப்போது விமானத்திலிருந்து லேசர் அடித்து ஆற்றை அளந்துவிடுகிறார்கள். குறுக்குவெட்டுகளை மென்பொருளே ஒரு மத்தியானத்தில் வரைந்து தள்ளிவிடுகிறது. என் பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் சிலர் போன மாதம் வாட்ஸ்அப்பில் கேட்டார்கள்: “சார், மெஷின் வரைஞ்சதை நாம எதுக்குச் சந்தேகப்படணும்?” நாலு வரியில் பதில் போடலாம் என்று உட்கார்ந்தேன். நாற்பத்தேழு ஞாபகம் வந்துவிட்டது. அதோடு குகனும்.

நான் கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்க்காரன். பெயர் கிளீட்டஸ். ஐ.டி.ஐ.யில் சிவில் டிராஃப்ட்ஸ்மேன் படித்தேன். மார்த்தாண்டத்தில் ஒரு கான்ட்ராக்டரிடம் இரண்டு வருடம் டிரேசிங் தாளில் வீடு வரைந்தேன். பிறகு விசா வந்தது. இதற்கு மேல் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

முதல் வேலை ராஸ் அல் கைமாவில் ஒரு குவாரியில். மலையடிவாரத்தில் லாரிப் பாதை ஒன்று காட்டாற்றுப் படுகையைக் குறுக்கே கடக்கும். அந்த இடத்தில் தண்ணீர் போகக் குழாய்ப் பாலம் வைக்க வேண்டும். ஃபோர்மேன் மட்டம் அளந்து ஒரு நோட்டைக் கொடுத்தார். நான் அதைப் பார்த்து வரைந்தேன். மழைக்காலத்தில் ஒரே ஒரு மழை. பாலம் குழாயோடு அடித்துக்கொண்டு போயிற்று. தண்ணீர் டேங்கர் ஓட்டுநர் ஒருவர் வண்டிக் கூரைமேல் ஏறி அரை நாள் உட்கார்ந்திருந்தார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஃபோர்மேன் வெயிலுக்குப் பயந்து ஏசி கேபினுக்குள் உட்கார்ந்தபடி எண்களை எழுதியிருக்கிறார் என்பது பிறகுதான் வெளியே வந்தது.

அந்த நோட்டை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கத்தில்கூட வியர்வைக் கறை இல்லை, மண் இல்லை, அடித்தல் திருத்தல் இல்லை. அன்றிலிருந்து சுத்தமான பக்கத்தைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அந்தக் குணம் வேலையில் எனக்குச் சோறு போட்டது. வீட்டில் அதனால் வந்தது சண்டைதான். என் மனைவி ஸ்டெல்லா ஒரு கிளினிக்கில் நர்ஸ். அவள் சொல்வாள்: “ஒங்களுக்கு மாதா கோயில் கணக்குப்பிள்ளையும் கள்ளன், பால்காரனும் கள்ளன்.”

புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகளுக்குக் குழாய் வரைந்தது சில வருடம். அதற்குப் பிறகுதான் சார்ஜா அலுவலகம். இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று தன் வரைபட வேலையை இங்கே அனுப்பிச் செய்துகொண்டிருந்தது. இருபது பேர் வேலை பார்த்தோம். எங்களுக்குத் தலைவர் மிஸ்டர் ஹார்வி.

ஹார்வி வளைகுடாவில் இருபது வருடத்துக்கு மேல் இருந்த ஆங்கிலேயர். உயரமானவர், கொஞ்சம் கூன் விழுந்தவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. வேலை முடிந்தால் ‘கலாஸ்’ என்பார், அவ்வளவுதான். திரையில் வரைபடத்தைப் பார்க்கமாட்டார். தாளில் அச்செடுத்து மேசைமேல் வரிசையாகப் பரப்ப வேண்டும். கையில் தேநீர்க் கோப்பையோடு வருவார். ஆற்றின் மேல்முனையிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு குறுக்குவெட்டின் அடிமட்டத்தையும் வாய்விட்டுப் படிப்பார். விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே படிப்பார். தட்டுவது எந்த எண்ணில் நிற்கிறதோ அங்கே தப்பு இருக்கிறது என்று அர்த்தம். தப்பு என்று சொல்லமாட்டார். ஒரு பென்சிலை அந்தத் தாளின்மேல் வைத்துவிட்டுக் கேட்பார்: “இது உனக்குத் திருப்திதானா?” அந்தக் கேள்விக்குப் பயந்து ஒரு தமிழ்ப் பையன் ராஜினாமாவே கொடுத்திருக்கிறான்.

எங்கள் வேலை முறை இது. இங்கிலாந்தில் ஒரு சர்வே கம்பெனி ஆற்றில் இறங்கி அளக்கும். ஏறக்குறைய நூற்றைம்பது மீட்டருக்கு ஓர் இடம். அந்த இடத்தில் ஆற்றைக் கத்தியால் குறுக்கே வெட்டினால் எப்படி இருக்கும் என்று காட்டுவதுதான் குறுக்குவெட்டு. நாங்கள் செக்ஷன் என்போம். இடது கரை, சரிவு, சேறு, அடிமட்டம், வலது கரை என்று புள்ளிகள் வரும். ஒவ்வொரு இடத்துக்கும் இரண்டு புகைப்படம்: மேலே பார்த்து ஒன்று, கீழே பார்த்து ஒன்று. புள்ளிகளை வைத்து ஒருவர் வரைவார். இன்னொருவர் சரிபார்ப்பார். சரியான புள்ளிக்கு மஞ்சள், தப்பான புள்ளிக்குச் சிவப்பு. அந்தச் செக்ஷன்களை வைத்துத்தான், வெள்ளம் வந்தால் எந்த நிலம் மூழ்கும் என்று அங்கே கணக்குப் போடுவார்கள்.

நாற்பத்தேழில் வரைந்தவன் குகன். சரிபார்த்தவன் நான். குகன் யாழ்ப்பாணத்துக்காரன், முப்பது வயது இருக்கும். கைவேகம் உள்ளவன், பேச்சு குறைவு. என்னை ‘அண்ணை’ என்பான். மூன்று வருடம் அடுத்தடுத்த மேசையில் இருந்தோம். ஸ்டெல்லா மீன் குழம்பு வைத்தால் அவனுக்கும் ஒரு டப்பா போகும்.

பெருநாள் விடுமுறைக்கு முன் வேலையை முடித்து அனுப்ப வேண்டியிருந்தது. குகனின் மனைவி முதன்முறையாகச் சார்ஜாவுக்கு வரவிருந்தாள். அவளை ஏர்போர்ட்டில் போய்க் கூட்டிவர, புது ரூமுக்குச் சாமான் வாங்க என்று அவனுக்கு ஆயிரம் வேலை. ஒருநாள் காலையில் அவன் எட்டு செக்ஷன்களை வரைந்து என் மேசையில் வைத்தான். அறுபத்தொன்று முதல் அறுபத்தெட்டு வரை. சாதாரணமாக ஒரு நாளைக்கு நாலுதான் முடியும்.

“எட்டுமா? அதுக்குள்ளயா?” என்றேன்.

“இந்த இடம் லேசா இருந்தது அண்ணை,” என்றான். ஏதோ சொல்ல வந்தவன் போல நின்றான். பிறகு போய்விட்டான்.

நான் ஹார்வி மாதிரியே அடிமட்டங்களை வாய்விட்டுப் படித்தேன். ஒவ்வொன்றும் முந்தையதைவிடப் பன்னிரண்டு சென்டிமீட்டர் குறைவு. எட்டு இடத்திலும் பன்னிரண்டேதான். ஆறு அப்படி இறங்காது. ஓர் இடத்தில் குழி பறிக்கும், ஓர் இடத்தில் சரளை மேடு போடும். மாடிப்படிதான் அப்படி இறங்கும். உருவத்தையும் பார்த்தேன். அறுபதாவது செக்ஷனில் இடது கரையில் ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. மாடு இறங்கித் தண்ணீர் குடித்த தடம். அதே பள்ளம், அதே ஆழத்தில், அறுபத்திரண்டிலும் இருந்தது. அறுபத்தைந்திலும் அறுபத்தேழிலும் இருந்தது.

எனக்கு அந்த ஃபோர்மேனின் நோட்டு ஞாபகம் வந்தது. அவசரத்துக்கு அறுபதையே நகலெடுத்து, மட்டத்தை மட்டும் மாற்றி எட்டாக்கிவிட்டான் என்று முடிவு கட்டினேன். முடிவு கட்ட எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

குகன் சாப்பிடக் கீழே போன நேரம் அவன் நாற்காலியை உயர்த்தி உட்கார்ந்து, கம்ப்யூட்டரைத் திறந்தேன். எல்லோருடைய கடவுச்சொல்லும் எல்லோருக்கும் தெரியும், அந்த அலுவலகம் அப்படி. எட்டு வரைபடமும் ஒன்றரை மணி நேரத்துக்குள் உருவாகியிருந்தன. சர்வே கம்பெனி அனுப்பிய மூலக் கோப்பையும் பார்த்தேன். அதில் உள்ள புள்ளிகள் அவன் வரைந்ததோடு அப்படியே பொருந்தின. நியாயப்படி அங்கேயே என் சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கோப்பு உருவான தேதி என்று அன்றைய தேதி இருந்தது. ஆக மூலத்தையும் திருத்தி வைத்துவிட்டான், பெரிய கள்ளன், என்றுதான் நினைத்தேன். ஒரு கோப்பை எந்தக் கம்ப்யூட்டருக்கு நகலெடுத்தாலும் நகலெடுத்த தேதிதான் விழும் என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

நேரே ஹார்வியிடம் போனேன். அவர் தாள்களைப் பரப்பி, தட்டிக்கொண்டே படித்தார். அறுபத்திரண்டில் விரல் நின்றது.

“குகனிடம் கேட்டாயா?”

“இல்லை சார்.”

“ஏன்?”

“கேட்டால் அழித்துவிடுவான் சார்.”

அவர் பென்சிலை எடுத்தார். தாளின்மேல் வைக்காமல் சட்டைப் பையிலேயே திரும்பச் செருகிக்கொண்டார். “மூலக் கோப்பை அவர்களிடமிருந்து நேரடியாக மறுபடி கேட்கிறேன். அதுவரை அவன் வேறு வேலை பார்க்கட்டும். நீ யாரிடமும் பேசாதே. மின்னஞ்சலிலும் எழுதாதே.”

குகனை ஒரு கார் பார்க்கிங் வரைபடத்துக்கு மாற்றினார்கள். காரணம் சொல்லவில்லை. அவனுடைய ஒப்பந்தம் அந்த மாதம்தான் புதுப்பிக்க வேண்டியது. அந்தக் காகிதமும் ஹார்வியின் மேசையில் கையெழுத்தாகாமல் கிடந்தது. அவன் மனைவி வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது.

“அண்ணை, என்னில ஏதும் பிழையோ?” என்று ஒரு காலையில் கேட்டான்.

“எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா,” என்றேன்.

வீட்டில் ஸ்டெல்லாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே, திரும்பாமல் கேட்டாள்: “நீங்க அவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?”

“நீயும் அந்த வெள்ளக்காரன மாதிரியே கேக்குத.”

“மூணு வருசமா எனக்க கையால தின்ன பிள்ள. கேட்டா என்ன கொறஞ்சா போவீய?”

மூன்றாம் நாள் மூலக் கோப்பு வந்தது. ஹார்வியும் நானும் அவர் அறையில் உட்கார்ந்து திறந்தோம். குகன் வரைந்ததற்கும் அதற்கும் ஒரு புள்ளி வித்தியாசமில்லை. அனுப்பியவனே அப்படித்தான் அனுப்பியிருக்கிறான். குகன் கொடுத்ததை அப்படியே வரைந்திருக்கிறான்.

ஹார்வி அந்த இடத்திலேயே குகனின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். “இதை நீயே கொண்டுபோய்க் கொடு. என்ன நடந்தது என்றும் நீயே சொல்,” என்றார்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். “அந்த எட்டு செக்ஷன்ல ஒரு சின்ன டவுட் இருந்துச்சு. சர்வேக்காரன் அனுப்பினதே அப்படித்தானாம். சரியாப் போச்சு,” என்றேன். அவ்வளவுதான் என் வாயில் வந்தது. குகன் காகிதத்தை வாங்கி மடித்தான். “நன்றி அண்ணை,” என்றான். அந்த நன்றி எதற்கு என்று நான் கேட்கவில்லை.

என் சந்தேகம் அதோடு விடவில்லை. ஆள்தான் மாறியது.

புகைப்படங்களைத் திறந்தேன். எட்டு இடத்துக்கும் பதினாறு படங்கள். வயலில் மாடுகளுக்குத் தண்ணீர் வைக்க யாரோ ஒரு பழைய வெள்ளைக் குளியல் தொட்டியைப் போட்டிருந்தார்கள். அறுபத்தொன்றில் அது தூரத்தில் சின்னதாகத் தெரிந்தது. அறுபத்துமூன்றில் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் தொட்டிப் பக்கத்தில் நின்ற கறுப்பு மாடு இரண்டு படத்திலும் தலையை ஒரே பக்கம் திருப்பியிருந்தது; வால் ஒரே உயரத்தில் இருந்தது. ஒரே படத்தைப் பெரிதாக்கி வெட்டியிருக்கிறார்கள். அறுபதில் ஒரு சாலைப் பாலம், அறுபத்தொன்பதில் ஒரு நடைப்பாலம். இரண்டு பாலத்தின்மேலும் நின்று சர்வேக்காரன் படம் எடுத்திருக்கிறான். நடுவில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் எவனும் ஆற்றில் கால் வைக்கவில்லை.

அந்த நடுப்பகுதியின் இடது கரையில்தான் ஒரு பில்டர் வீடு கட்ட அனுமதி கேட்டிருந்தான். எங்கள் திட்ட வரைபடத்திலேயே அந்த நிலத்தைச் சிவப்புப் புள்ளிக்கோட்டால் வளைத்திருந்தார்கள்.

ஹார்வியிடம் படங்களைக் காட்டினேன். முழுக் கோப்பை, ஒவ்வொரு புள்ளியும் எந்த மணிக்கு எடுக்கப்பட்டது என்ற நேரத்தோடு கேளுங்கள் என்றேன். கேட்டார். கருவி பழுதுபார்க்கப் போயிருக்கிறது என்று பதில் வந்தது. அடுத்த வாரமும் அதே பதில்.

“சார், மேலே எழுதிவிடலாம்,” என்றேன்.

“இப்போது வேண்டாம்.”

“ஏன் சார்?”

“நான் சொல்லும்வரை வேண்டாம், கிளீட்டஸ்.”

அன்று மாலை அவர் அந்தப் பதினாறு படங்களையும் செக்ஷன்களையும் ஒரு உறையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போவதைப் பார்த்தேன். அதுவரை எந்தத் தாளையும் அவர் வீட்டுக்குக் கொண்டுபோனதில்லை. அந்தச் சர்வே கம்பெனி முதலாளியும் ஹார்வியும் ஒரே இடத்தில் வேலை பழகியவர்கள் என்று எங்கள் அலுவலகச் செயலாளர் பேச்சுவாக்கில் சொன்னாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது போலிருந்தது. வெள்ளைக்காரன் வெள்ளைக்காரனைக் காப்பாற்றுகிறான், இந்த உறை இனித் திரும்பி வராது என்று நினைத்தேன். எல்லாவற்றையும் என் சொந்த பென்டிரைவில் ஏற்றி வைத்துக்கொண்டேன். மறுவாரம் ஹார்வி வருடாந்தர விடுமுறையில் இங்கிலாந்து போனார்.

அவர் போன நாலாம் நாள், மத்தியான நேரம், என் போன் அடித்தது. வீடியோ அழைப்பு. எடுத்தால் திரை முழுக்கப் பச்சை. பிறகு ஹார்வியின் முகம். தலையில் தொப்பி, நெஞ்சுவரை ரப்பர் உடை.

“கிளீட்டஸ், நான் உன் அறுபதில் நிற்கிறேன்.”

வெளியே நாற்பத்தைந்து டிகிரி. எங்கள் ஜன்னல் கண்ணாடியில் கை வைக்க முடியாது. போனுக்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. நான் எண்ணாகவும் கோடாகவும் பார்த்த ஆறு, தெளிவாக, பாசியை ஒரு பக்கமாகச் சீவிவிட்டுக்கொண்டு, அவர் தொடையை உரசி ஓடிக்கொண்டிருந்தது. இவ்வளவு சின்ன ஆறா என்று இருந்தது.

“நீ வழி சொல். எனக்கு இங்கே எல்லா வளைவும் ஒரே மாதிரி இருக்கிறது,” என்றார்.

நான் வரைபடத்தை விரித்தேன். “கீழ்நோக்கி நடங்கள் சார். நூற்றிருபது மீட்டரில் வலப்பக்கம் ஒரு வளைவு வரும். அதன் வெளிக்கரையில் பெரிய மரம் இருக்கும்.”

“இருக்கிறது. வில்லோ மரம்.”

“அங்கேதான் அறுபத்தொன்று. அடிமட்டம் பாருங்கள்.”

அவர் அளவுகோலை ஊன்றினார். கரையில் நட்டிருந்த கருவியிலிருந்து, உதவிக்கு வந்திருந்த இன்னொருவர் எண்ணைக் கத்தினார். கணக்குப் போட்டேன். எங்கள் தாளில் இருந்ததைவிட ஒன்பது சென்டிமீட்டர் உயரம். அறுபத்திரண்டில் இன்னும் அதிகம். அறுபத்துமூன்றில், அறுபத்துநாலில் ஆறு இறங்கவே இல்லை. அடியில் வெறும் சேறு. ஹார்வி இடுப்புவரை புதைந்து, “யல்லா, யல்லா,” என்று அரபியில் தன்னைத்தானே முடுக்கிக்கொண்டு காலைப் பிடுங்கினார்.

அறுபத்தைந்தைத் தாண்டியதும் நின்றார். போனைத் திருப்பிக் காட்டினார். செடி மூடிக் கிடந்த இரண்டு கான்கிரீட் தூண்கள். நடுவில் கறுத்த மரப்பலகைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. பலகைக்கு மேற்புறம் தண்ணீர் விளிம்புவரை நின்றது. கீழ்ப்புறம் முக்கால் மீட்டர் பள்ளத்தில் விழுந்தது. எப்போதோ புல்வெளிக்குத் தண்ணீர் பாய்ச்ச வைத்த மடை. எந்த வரைபடத்திலும் இல்லாத மடை.

“பார்க்கிறாயா?” என்றார்.

“பார்க்கிறேன் சார். வெள்ளம் வந்தால் இங்கே முட்டி இடப்பக்கம் ஏறும்.”

“ஆமாம். வீடுகள் இடப்பக்கம்தான்.”

அப்போது நாய் குரைத்தது. சேறு படிந்த பூட்ஸ் போட்ட ஒரு வயதான பெண்மணி கரையில் வந்து நின்றாள். அவள்தான் நிலத்துக்காரி. யார் நீங்கள், யாரைக் கேட்டு இறங்கினீர்கள் என்று அதட்டினாள். ஹார்வி தண்ணீரில் நின்றபடியே தொப்பியைக் கழற்றி, ஆற்றை அளக்கிறோம், நேற்று உங்கள் மகனிடம் அனுமதி வாங்கினோம் என்றார்.

“இன்னொருத்தனும் அளக்க வந்தானே,” என்றாள் அவள்.

“அவர் இங்கே இறங்கினாரா?”

“இறங்குவதா? கேட்டைத் திறந்தான். என் கன்றுகள் அவனைப் பார்க்க ஓடி வந்தன. மறுபடி கேட்டைச் சாத்திக்கொண்டான். மத்தியானம் முழுக்கப் பாலத்துப் பக்கம் காரில் உட்கார்ந்திருந்தான். கேட்டிருந்தால் நானே மாட்டை அந்தப் பக்கம் ஓட்டியிருப்பேன்.”

அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. நிலத்துக்காரி பில்டரோடு சேர்ந்து ஆளை உள்ளே விடவில்லை என்றுதான் நான் அதற்குள் மனசில் கதை கட்டி வைத்திருந்தேன். இப்போதும் பில்டரைப் பற்றி எனக்கு அரைச் சந்தேகம் உண்டு. ஆதாரம் ஒன்றும் இல்லை.

ஹார்வி திரும்பி வந்தபோது அந்த உறையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே எட்டு செக்ஷனும் புது எண்களோடு இருந்தன. தாள்களில் சேறு.

“அந்த முதலாளி என் நண்பன்,” என்றார். “இருபத்தொரு வயதில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். அவன் தொழிலையே முடித்துவிடக்கூடிய ஒரு கடிதத்தை எழுதுவதற்கு முன்னால் என் காலால் பார்த்துவிட நினைத்தேன். இப்போது எழுதலாம். நீயும் பக்கத்தில் உட்கார்.”

எழுதினோம். சர்வே கம்பெனி ஆறு முழுவதையும் தன் செலவில் மறுபடி அளந்து கொடுத்தது. காரில் உட்கார்ந்திருந்த ஆளை வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள் என்று கேள்வி. புது வெள்ள வரைபடத்தில் அந்தச் சிவப்புப் புள்ளிக்கோட்டுக்குள் பாதிக்கு மேல் நீல நிறம் வந்தது. வீடுகளை மேட்டுப் பக்கம் தள்ளி வைத்தார்கள். ஹார்விக்கும் அந்த நண்பருக்கும் பேச்சு நின்றுபோயிற்று. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

குகன் அடுத்த வருடம் தோஹாவுக்கு வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். போகும்போது எல்லோருக்கும் கை கொடுத்தான், எனக்கும் கொடுத்தான்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்பு என் தங்கை மகளைப் பார்க்கத் தோஹா போனேன். அவளும் நர்ஸ்தான். குகன் அங்கே நஜ்மா பகுதியில் இருக்கிறான் என்று தெரியும். போன் பண்ணினேன். ஒரு சின்ன உணவுக்கடைக்கு வரச் சொன்னான். கொஞ்சம் பருத்திருந்தான். இரண்டு பிள்ளைகளின் படத்தைக் காட்டினான். இருவருக்கும் தேநீர் வந்தது.

நான் சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தேன். “குகா, அந்த நாப்பத்தேழு விஷயத்துல ஒனக்கிட்ட நான் ஒண்ணு சொல்லல்ல. ஹார்விகிட்ட போய்ச் சொன்னது நான்தான்.”

“தெரியும் அண்ணை.”

“யாரு சொன்னா?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நான் சாப்பிட்டுட்டு வரேக்க என்ர கதிரை உயர்த்தியிருந்தது. எங்கட வரிசையில கட்டையான ஆள் நீங்கள்தானே.” சிரித்தான். என்னால் சிரிக்க முடியவில்லை.

“அப்பமே கேட்டிருக்கலாமே நீ.”

“நீங்கள் கேப்பியள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்.” தேநீரை ஒரு வாய் குடித்தான். “அண்ணை, இன்னொண்டு சொல்லுறன். அந்த எட்டும் ஒரே மாதிரி இருக்கெண்டு வரையேக்கையே எனக்குத் தெரியும். மாடு இறங்கின பள்ளத்தையும் கண்டனான். உங்களிட்டச் சொல்லத்தான் அண்டைக்கு மேசையடியில வந்து நிண்டனான்.”

“பொறவு ஏன் சொல்லல்ல?”

“உங்கட முகத்தைப் பாத்தன். ‘எட்டுமா, அதுக்குள்ளயா’ எண்டு கேட்டியள். நான் சொன்னா, நான்தான் செய்துபோட்டுக் கதை விடுறன் எண்டு நினைப்பியள் எண்டு பயம் வந்திட்டுது. மனிசி வாற நேரம். ஒப்பந்தமும் முடியுது. பேசாமப் போயிட்டன்.”

கடைக்குள் யாரோ பரோட்டாவுக்குக் குரல் கொடுத்தார்கள். நாற்பது வருடம் எத்தனையோ தப்புக்குச் சிவப்பு மை போட்டிருக்கிறேன். அந்தத் தப்பைச் சொல்ல என் மேசைவரை வந்து நின்றவனை, ஒரு பார்வையில் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

“மன்னிச்சிரு குகா,” என்றேன்.

அவன் என் கோப்பையை என் பக்கமாக நகர்த்தி வைத்தான்.

“குடியுங்கோ அண்ணை,” என்றான். “ஆறுது.”